சாவு வீட்டில் ஒரு 'வரேன்'

1

என் மகள் கமலம் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். பேய் கீய் பிடித்துவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பாளாம். அதற்காகக் கூடப்படித்த பெண்ணிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருக்கிறாள். வாழ்க்கையில் முன்னுக்கு வருவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகமாம். முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டால் ஜனங்கள் தானாகத் தேடி வருவார்கள், நல்லதையே நினைத்தால் எடுத்த காரியம் கைகூடும், இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறதாம். படித்துப் படித்து எனக்கு அர்த்தம் சொல்கிறாள்.

"அம்மா, இந்தச் சிரிப்பு போதுமா பாருங்க."

"பல்வலிக்காரி மாதிரி இருக்கு," என்றேன்.

"போங்கம்மா. சிரிச்சே பழக்கமில்லாதவங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க."

அதுவும் சரிதான். என் முகத்தைப் பார்த்தால் காய்ச்சின பால்கூடத் திரிந்துவிடும் என்பார் எங்கள் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு நிற்க மாட்டார், ஓடிவிடுவார். நாங்கள் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில், ரயில் பாதைக்குப் பின்னால், மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவர்கள். அவர் பெயரை எழுத மாட்டேன். கடல் தாண்டி வந்தால் எல்லாம் விட்டுப்போகும் என்கிறார்கள், எனக்கு இது மட்டும் விடவில்லை. 'இவர்' என்றே எழுதுகிறேன், நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

கமலம் படிக்கிற சங்கதியை இவர் புத்தகம் இல்லாமலே வைத்திருந்தவர். அதனால் நாங்கள் முன்னுக்கு வந்ததும் உண்மை, அதனாலேயே கப்பலேறி ஊருக்குத் திரும்ப இருந்ததும் உண்மை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தவள். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

2

எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். ஊரை நினைத்து உருகி உருகி எழுதுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். எனக்கு அந்த உருக்கமெல்லாம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இவர் அங்கே ஒரு பண்ணையில் மாடு பார்த்தார். பிறந்த அன்றே துள்ள ஆரம்பித்துவிட்ட ஒரு கன்றைப் பார்த்துத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பண்ணைக்காரர் அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். "யாரைப் பார்த்துடா பல்லைக் காட்டுறே?" கையில் இருந்த தார்க்கம்பால் வாயிலேயே ஒன்று போட்டார். முன்பல் பாதி உடைந்துபோனது. அதற்குப் பிறகு இவர் அங்கே வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தலில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஊமை மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார்களோ என்று பயமாக இருந்தது.

கப்பல் ஏறியது ரயில் பாதை வேலைக்கு. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கினதும் வீட்டுக்கா அனுப்புகிறார்கள்? நோய் நொடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு முகாமில் அடைத்துவைத்தார்கள். எங்கள் பெயரை ஒருவர் கேட்டு எழுத, இன்னொருவர் அதைப் பார்த்து எழுத, கடைசியில் காகிதத்தில் இருந்தது யார் பெயர் என்று எங்களுக்கே தெரியவில்லை. இவர் அப்பா பெயர் இவர் பெயராகவும், இவர் பெயர் ஊர் பெயராகவும் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லி நான் சண்டை போட்டேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த முகாமின் கதவில் ஒரு மலாய்க்காரக் காவலாளி நின்றிருப்பார். ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போன இவரைப் பார்த்து அவர் சும்மா சிரித்திருக்கிறார். இவரும் தன்னை மறந்து, ஓட்டைப் பல் தெரியச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாராம்.

என்னிடம் வந்து மெல்லச் சொன்னார். "நான் சிரிச்சேன். அந்த ஆளு அடிக்கல."

அதை இவர் சொன்ன விதத்தை என்னால் மறக்கவே முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மலாய் தேசத்தில் எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று யாராவது கேட்டால், மாடு கன்று எல்லாம் அப்புறம், முதலில் இவருக்கு வாய் கிடைத்தது என்றுதான் சொல்வேன்.

3

ரயில் பாதையில் கல் சுமந்துகொண்டே ஒரு மாடு வாங்கினோம். அப்புறம் இன்னொன்று. பிறகு பாதை வேலையை விட்டுவிட்டு இவர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ரயில்வே குவாட்டர்ஸ் வரிசைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கார்டு, சிக்னல்காரர், ஆபீஸ் கிராணிகள் என்று வரிசையாக வீடுகள். கிராணி என்றால் நம் ஊர் குமாஸ்தா. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நன்றாக இங்கிலீஷ் படித்தவர்கள், வெள்ளை வேட்டியில் ஒரு கறை இருக்காது.

வேறு பால்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் பாலும் வெள்ளைதான். ஆனால் வீடுகள் இவரிடம்தான் வந்து சேர்ந்தன. இவர் என்ன மந்திரமா போட்டார்? வாசலில் நிற்கும்போதே அந்த வீட்டுக்கு ஏதோ நல்லது வந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கார்டு வீட்டு ராசாத்தியக்கா ஒரு நாள் சிடுசிடு என்று வந்தால், "என்னக்கா, நேத்து அண்ணன் கொடி காட்டுன வண்டி ரொம்ப மெதுவா வந்துச்சாமே, சமையல் அவ்ளோ பிரமாதமா?" என்பார். அக்கா சிரித்துவிட்டுப் பால் போணியை நீட்டும். போணியில் அளந்து ஊற்றி, கொசுறாகக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போவார்.

மலாய், சீனம், இங்கிலீஷ் எதுவும் இவருக்கு உருப்படியாக வராது. மலாய்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு "சூடா மக்கான்" என்பார்கள். இவர் அதை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். விடிந்தும் விடியாத நேரத்தில் சீனக் கடைக்காரரிடம் சூடா மக்கான், பால் சோதிக்க வருகிற இன்ஸ்பெக்டரிடம் சூடா மக்கான், பங்களாவில் பல் விளக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார இஞ்சினியரிடமும் சூடா மக்கான். இஞ்சினியர் நுரை வாயோடு சிரித்துவிட்டு மறுநாளிலிருந்து பால் போடச் சொல்லிவிட்டார். கமலம் கொஞ்சம் வளர்ந்து கான்வென்ட்டில் சேர்ந்த பிறகு இதற்கெல்லாம் வெட்கப்பட்டாள். "அப்பா, துரையைப் பார்த்தா குட் மார்னிங் சொல்லணும்." இவரும் ரொம்ப சிரமப்பட்டு "குட்டு மாரினி" என்று சொல்லிப் பார்த்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசல்வரை வர வேண்டாம், சந்து முனையோடு நின்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். இவர் சந்து முனையில் நின்று கையாட்டிவிட்டுச் சந்தோஷமாகத்தான் வருவார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

வாசலை விட்டு நகரும்போது எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தைதான், "வரேம்மா." நாம் யார்தான் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புகிறோம்? எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இவர் சொன்னால் மறுநாள் வருவார். கொட்டுகிற மழையில் கேனுக்கு மேல் வாழை இலையைப் போட்டு மூடிக்கொண்டு, தான் நனைந்துகொண்டு வருவார். காய்ச்சலோடும் வருவார். நான் கத்துவேன். "சொல்லிட்டு வந்துட்டேன்ல, பிள்ளைங்க டம்ளரை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்," என்பார்.

4

பிறகு ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ரயில்வேயிலும் ஆட்குறைப்பு என்று பேச்சு. குவாட்டர்ஸ் வீடுகளில் பாலைக் குறைத்தார்கள். தகர டப்பாவில் வருகிற கெட்டிப் பாலை வாங்கி வெந்நீரில் கரைத்துக்கொண்டார்கள். இவர் அப்போதும் கலங்கவில்லை. "டின்னு பால் கொசுறு குடுக்குமா, கதை சொல்லுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்து, பாதி வீடுகளைக் கையில் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வரிசையின் முதல் வீட்டுக் கிராணி ஐயா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இவருக்கு முதல் முதலாகப் பால் வாடிக்கை கொடுத்த வீடு அது. அந்த அம்மாவுக்கு மங்கையர்க்கரசி என்று பெயர், நாங்கள் கிராணி அம்மா என்போம். மடியில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். அம்மா வீடு, மாமியார் வீடு எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில்.

இழவுக்கு வரிசையே திரண்டிருந்தது. நாங்களும் போயிருந்தோம். ஐயாவை எடுத்துக்கொண்டு போய், காரியம் முடித்து, குளித்துவிட்டு வந்த ஆண்கள் வீட்டு வாசலில் விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முதுகைத் திருப்பிக்கொண்டு நழுவ வேண்டியதுதான். கிராணி அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை.

இவர் வாசலுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. படியில் கால் வைத்தார். தினமும் விடிகாலையில் கேனோடு கால் வைத்து இறங்குகிற அதே படி. வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வரேம்மா."

நல்ல உரக்கவே சொல்லிவிட்டார். பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. யாரோ "சிவ சிவா" என்றார்கள். ஒரு பெரியவர் திரும்பி நின்று, "என்னய்யா மனுஷன் நீ? எழவு வீட்டுல 'வரேன்'ன்னா என்ன அர்த்தம்? இன்னொரு எழவுக்கு வரேங்கிறியா?" என்றார். இவர் படியில் அப்படியே நின்றார். முகாமில் வாயைப் பொத்திக்கொண்டதாகச் சொன்னாரே, அதே மாதிரி பொத்திக்கொண்டார். நான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

5

அந்த வாரமே ராசாத்தியக்கா மகனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. சொல்ல வேண்டுமா? பால்காரன் வாய் பலித்துவிட்டது என்று பேச்சு பரவிவிட்டது. மறுநாள் இவர் கேனோடு போனால் கார்டு வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது.

"வேணாம் அண்ணே. டின்னு பாலே வாங்கியாச்சு."

அடுத்த வீட்டிலும் அதேதான். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கேனில் பாலோடு இவர் திரும்பி வந்தார். பாலைக் காய்ச்சித் தயிர் தோய்த்தேன். தயிரை யார் வாங்குவது? நான் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று புடவையை இழுத்துச் சொருகினேன். "வேணாம் புள்ள. புள்ளைக்கு முடியாதவங்க பயப்படத்தான் செய்வாங்க," என்றார்.

பயப்பட்டவர்கள் மேல்கூட இவருக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இவர் போவதை நிறுத்தவில்லை. அது கிராணி அம்மா வீடு. துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த தூரத்துச் சொந்தக்காரர்கள் முகம் கொடுக்கவில்லை. இவர் பின்பக்கமாகப் போய், குசினி என்கிற அடுப்பங்கரைப் படியில் இருக்கிற பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவார்.

"அங்க மட்டும் எதுக்குப் போறீங்க? அங்கதானே வினையே ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

"வரேன்னு சொல்லிட்டேனே. சொல்லக் கூடாதுதான். ஆனா சொன்னப்புறம் போகலேன்னா அதவிடக் கேவலம் இல்லையா?"

வெளியே போய் வந்தாலும் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.  சீனக் கடைக்காரர் தானாகவே "சூடா மக்கான்" என்று கூப்பிட்டாலும் இவர் தலையை மட்டும் ஆட்டினார். கமலம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாலும் இவர் சந்து முனைவரை கூடப் போகவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்த அதே ஆளாக மாடுகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் பால் திரிகிற மூஞ்சியோடு நான் என்னென்னவோ வேடிக்கை பேசிப் பார்த்தேன். எனக்கு அது வரவும் இல்லை.

பிறகு ஒரு நாள் சொன்னார். கிள்ளான் ஊரில் மாடு வாங்கி விற்கிற பாய் ஒருவரிடம் பேசிவிட்டாராம். எல்லா மாடுகளையும் எடுத்துக்கொள்வாராம். அந்தியேட்டிக்கு மறுநாள் வந்து ஓட்டிக்கொண்டு போவாராம். அந்தியேட்டி என்பது யாழ்ப்பாணத்தார் முப்பத்தொன்றாம் நாள் செய்கிற காரியம். அதுவரைக்கும் கிராணி அம்மா வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, நாங்கள் கப்பல் ஏறிவிட வேண்டியது.

"ஊருக்குப் போயி?"

"பண்ணையில மறுபடியும் சேத்துக்குவாங்க. மாடு பாக்கத் தெரியும்ல."

 மாடு போகட்டும், கொட்டகை போகட்டும். அந்தப் பண்ணைக்குத் திரும்பிப் போனால் இவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான், இனிமேல் ஒரு நாளும் திறக்க மாட்டார். எனக்கு அது ஒன்றுதான் பயம்.

6

நான் சும்மா இருக்கிறவளா? இவருக்குத் தெரியாமல் கிராணி அம்மாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம், நாலு பேருக்கு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சலாம் என்று நினைப்பு.

அந்த அம்மா பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, பக்கத்தில் ஒரு சர்க்கார்க் காகிதம். வேலையில் இருந்தவர் இல்லை என்றால் குவாட்டர்ஸையும் விட வேண்டும் அல்லவா? அதைச் சொல்லித்தான் காகிதம் வந்திருந்தது. "அந்தியேட்டி முடிய வீட்டை விடச் சொல்லிப்போட்டினம். எங்கை போறதெண்டு இன்னும் தெரியேல்லை," என்றார். என் துக்கத்தை எடுத்துக்கொண்டு போன எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அம்மா, எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு வாய் தவறி…" என்று ஆரம்பித்தேன்.

"அவர் சொன்னதைப் பற்றியோ கதைக்க வந்தனீங்கள்?"

"ஊரே அபசகுனம்னு சொல்லுது. நீங்கதான் பெரிய மனசு பண்ணி…"

அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். 

"அண்டைக்கு நான் அந்த வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். எவ்வளவு சனம். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு போகினம். ஒருத்தரும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. அது முறைதான், எனக்கும் தெரியும். ஆனால் பாக்கேக்கை, இனி இந்த வீட்டுக்கு ஆரும் வரமாட்டினம் எண்டுதான் எனக்குப் பட்டுது. நானும் பிள்ளையளும் மட்டும்தான் எண்டு. அப்பத்தான் அவர் 'வரேம்மா' எண்டார்."



"விடியக் குசினிக் கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். கேன் சத்தம் கேட்டுது. வந்திட்டார். அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவேயில்லை."

அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதார். நானும் அழுதேன். எதற்காகப் போனேன் என்பதே மறந்துவிட்டது. கிளம்பும்போது, மாட்டை விற்கப்போகிற சமாசாரத்தை மட்டும் சொன்னேன்.  "அந்தியேட்டிக்கு நீங்களும் வரவேணும். அண்ணையைப் பால் கொண்டுவரச் சொல்லுங்கோ, கூடவாய்," என்றார்.

இதை இன்று கமலத்திடம் சொன்னேன். அவள் கண்ணாடியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அப்ப இந்தப் புத்தகம் பொய்யாம்மா?" என்று கேட்டாள். பொய்யில்லை. சிரித்த முகத்துக்கு ஜனங்கள் வருகிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் ஒரு சின்னக் காரணத்துக்கு ஓடியதையும் பார்த்திருக்கிறேன். உன் அப்பா சிரித்தார் என்பதற்காக அந்த அம்மா நம்மிடம் ஒட்டவில்லை, சிரிக்க முடியாத வாசலுக்கும் விடியற்காலையில் போய் நின்றாரே, அதற்காகத்தான் ஒட்டினார் என்றேன்.  கமலத்துக்குக் கான்வென்ட் இங்கிலீஷ் பாடத்தைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தது கிராணி அம்மாதான். குவாட்டர்ஸை விட்ட பிறகு எங்கள் சந்திலேயே ஒரு வீடு பிடித்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டார். நாளைக்கு அவள் அந்தத் துரைசாணி எதிரே உட்காரப் போகிறாள் என்றால், அதற்கு அஸ்திவாரம் போட்டது அந்த அம்மா.

7

அந்தியேட்டி அன்று காலையில் ஆற்றங்கரையில் காரியம் முடிந்து, வீட்டில் படையலுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வரிசைப் பெண்கள் எல்லாரும் பின்கட்டில் காய் நறுக்கவும் இலை துடைக்கவும் உட்கார்ந்திருந்தார்கள். ராசாத்தியக்காவும் இருந்தது. அதன் மகன் காய்ச்சல் தெளிந்து, வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். ஆனாலும் யாரும் என்னோடு பேசவில்லை. நான் ஒரு மூலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

இவர் பின்பக்கமாகக் கேனோடு வந்தார். பேச்செல்லாம் அப்படியே நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, குசினிப் படியில் இருந்த பெரிய பாத்திரத்தில் பாலை ஊற்றினார். ஊற்றி முடித்துக் கேனை மூடிவிட்டு, சத்தம் காட்டாமல் திரும்பினார்.

கிராணி அம்மா உள்ளேயிருந்து எழுந்து குசினி வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சேலை. காரியம் நடக்கிற வீட்டில் அவர் எல்லார் முன்னாலும் அப்படி வந்து நின்றதே பெண்களுக்குத் திக்கென்றது.

"அண்ணை," என்றார். "நாளைக்கும் வருவியளோ?"

இவர் திரும்பி நின்றார். தலையை ஆட்டினார்.

"வாயாலை சொல்லுங்கோ அண்ணை. நான் கேக்கவேணும்."

இவர் பெண்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எங்கே போனாலும் சும்மா இருக்கத் தெரியாதவள் நான். அன்றைக்கு என்னால் சொல்லுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. மறுநாள் காலையில் மாடு ஓட்ட ஆள் வருகிறது. இவர் சொல்லாமல் திரும்பிவிட்டால் எல்லாம் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். கையில் தேங்காய் மூடியோடு உட்கார்ந்திருந்தேன்.

கிராணி அம்மா வாசலை விட்டு நகரவில்லை. குழந்தை உள்ளே அழுதது, அதற்கும் போகவில்லை.

அப்போது ராசாத்தியக்கா இலைக்கட்டைக் கீழே வைத்தது. "கேக்குறாங்கல்ல, சொல்லுங்களேன் அண்ணே. எவ்வளவு நேரம் அவங்கள நிக்க வைப்பீங்க?"

இவர் வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. இரண்டாம் தடவைதான் வந்தது.

"வரேம்மா."

"ஓம். வாங்கோ," என்றார் கிராணி அம்மா. சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்க்க உள்ளே போனார்.

 இவர் குனிந்து கேனைத் தூக்கினார். படி இறங்கிக் கொஞ்ச தூரம் போன பிறகு ராசாத்தியக்கா எழுந்து வேலிவரைக்கும் போயிற்று.

"நம்ம வீட்டுக்கு?"

"வரேங்கா," என்றார் இவர். அதைச் சொல்லும்போது ஓட்டைப் பல் தெரிந்ததாக அக்காதான் வந்து எல்லாருக்கும் சொன்னது. நான் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கிள்ளான் பாய் கயிறும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?"

"பால் ஊத்தப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"நேரமாகும் பாய். இன்னிக்கு வீடு ஜாஸ்தி," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கிள்ளான் ரயிலைப் பிடிக்கப் போனார்.